சின்னச் சொல், பெரிய நட்டம்
(வணிகருக்கு வேண்டிய ஆங்கில இலக்கணம்)

1985ஆம் ஆண்டு கோட்டாற்றில் எங்கள் கடைக்கு வடக்கேயிருந்து ஒரு தந்தி வந்தது. நாங்கள் பருப்பு வகைகள் வாங்கிக் கொண்டிருந்த மொத்த வியாபாரி அனுப்பியது. அதுவரை எங்களுக்கு நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி கொடுத்து வந்தார். தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: 'டிஸ்கவுண்ட் ரெய்ஸ்டு ஃபோர் பெர்சென்ட்'. தள்ளுபடி நாலு சதவீதம் கூடியிருக்கிறது, இரண்டும் நாலும் ஆறு என்று கணக்குப் போட்டோம். 80,000 ரூபாய்ச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தோம். அந்தக் கணக்கை நம்பிச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு விலையும் சொல்லி விட்டோம்.

பில் வந்தபோது தள்ளுபடி நாலு சதவீதம்தான். அவர் சொன்னது 'ரெய்ஸ்டு டு ஃபோர்', அதாவது நாலாக உயர்த்தப்பட்டது. நாங்கள் படித்தது 'ரெய்ஸ்டு பை ஃபோர்', அதாவது நாலு கூட்டப்பட்டது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் நடுவிலிருந்த 'டு' என்ற சொல்லை விட்டு விட்டார். வித்தியாசம் 1,600 ரூபாய். அந்நாளில் அது ஒரு கணக்கப்பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம். எங்கள் தகப்பனார் கோபப்படவில்லை. "மக்களே, அவன் ரெண்டு எழுத்தை முழுங்கினான், நாம ஆயிரத்து அறுநூறைக் கக்கணும்" என்றார்கள்.

தந்தி 2013 ஜூலையில் நின்று போயிற்று. ஆனால் செல்போனில் அனுப்பும் செய்தியிலும் நாம் அதே போலத்தான் சொற்களை விழுங்கி எழுதுகிறோம். ஆகவே இந்தச் சின்னச் சொற்களைப் பற்றிப் பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள நாங்கள், கடையில் அமர்ந்து அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதுகிறோம். ஆங்கில எழுத்துத் தெரியாத அங்கத்தினர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

நமக்குப் பின்னால், அவர்களுக்கு முன்னால்

தமிழில் எட்டு வேற்றுமை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்ற உருபுகள் பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டிக் கொள்ளும். 'கடை' என்பதோடு 'கு' சேர்ந்தால் 'கடைக்கு'. ஆங்கிலத்தில் இந்த வேலையைத் தனிச் சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன. 'டு த ஷாப்', 'ஃப்ரம் த ஷாப்', 'இன் த ஷாப்' என்பவற்றில் உள்ள டு, ஃப்ரம், இன் ஆகியவை முன்னிடைச் சொற்கள். நம் மாவட்ட எல்லைக்குச் சற்று அப்பால் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் இந்த வேறுபாட்டைக் குறித்திருக்கிறார்.

முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா என்பது மட்டும் சிக்கல் இல்லை. நம்முடைய ஓர் உருபு பல வேலைகளைப் பார்க்கிறது. 'கு' ஒன்றையே எடுத்துக் கொள்வோம்.

நாகர்கோவிலுக்கு அனுப்பு: 'டு'.
கடைக்காக வாங்கினோம்: 'ஃபார்'.
பத்து மணிக்கு வந்தார்: 'அட்'.
மூட்டைக்கு என்ன விலை: 'பெர்'.
திங்கட்கிழமைக்குள் வேண்டும்: 'பை'.

நமக்கு ஒரே 'கு'. அவர்களுக்கு ஐந்து சொற்கள். நாம் மனத்தில் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது ஐந்தில் எதைப் போடுவது என்ற இடத்தில்தான் தவறுகிறோம்.

அரிசி மூட்டையா, அரிசிச் சாக்கா?

பெயர்ச்சொல்லும் அதைச் சார்ந்த அடைமொழிகளும் சேர்ந்த கூட்டத்தைப் பெயர்த்தொடர் என்பார்கள். தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும். அடைமொழியெல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும். ஆங்கிலத்தில் சில அடைகள் முன்னாலும் சில பின்னாலும் வரும். பின்னால் வருபவை பெரும்பாலும் முன்னிடைச் சொல்லோடு வரும்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பேக் ஆஃப் ரைஸ்' என்றால் அரிசி நிறைந்த மூட்டை. 'ரைஸ் பேக்' என்றால் அரிசிக்கான சாக்கு. 'டின் ஆஃப் ஆயில்' என்றால் எண்ணெயுள்ள டின். 'ஆயில் டின்' என்றால் எண்ணெய் டின், காலியாகவும் இருக்கலாம். பழகிய வியாபாரிக்கு 'ஃபிஃப்டி ரைஸ் பேக்ஸ்' என்று எழுதினால் அவர் புரிந்து கொள்வார். சாக்கும் விற்று அரிசியும் விற்கும் புதிய ஆளுக்கு எழுதும்போது 'ஆஃப்' என்ற சொல்லைப் போட்டே எழுத வேண்டும்.

எதோடு ஒட்டுகிறது?

முன்னிடைச் சொல்லும் பெயர்த்தொடரும் சேர்ந்த கூட்டம் வாக்கியத்தில் இரண்டு இடங்களில் ஒட்டலாம். பெயரோடு ஒட்டினால் எந்தப் பொருள், எந்த ஆள் என்று சொல்லும். வினையோடு ஒட்டினால் எங்கே, எப்போது, எப்படிச் செய்வது என்று சொல்லும். இரண்டாவது வேலை வினையடையின் வேலை.

'பே த ஏஜென்ட் இன் நாகர்கோவில்' என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். நாகர்கோவிலில் இருக்கும் ஏஜென்டுக்குப் பணம் கொடு என்பதா? அல்லது பணத்தை நாகர்கோவிலில் வைத்துக் கொடு என்பதா? ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தமிழில் இந்த மயக்கம் இல்லை. 'நாகர்கோவிலில் உள்ள ஏஜென்ட்' என்று 'உள்ள' சேர்த்தால் அது ஏஜென்டோடு ஒட்டும், சேர்க்காவிட்டால் கொடுப்பதோடு ஒட்டும். நம் மொழி தருகிற இந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்து, சந்தேகம் வரக்கூடிய இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்து எழுதுவது நல்லது.

தேதிச் சொற்கள்

வியாபாரத்தில் அதிகம் வழக்கு வருவது தேதியில்தான்.

1. 'பை 10த் ஜூன்': ஜூன் 10ஆம் தேதிக்குள். அந்தத் தேதிக்குள் எப்போது செய்தாலும் சரி.

2. 'டில் 10த் ஜூன்': 10ஆம் தேதி வரை. அதுவரை தொடர்ந்து நடக்கும் காரியத்துக்கு இது பொருந்தும். 'தள்ளுபடி டில் 10த்' சரி. 'சரக்கை டில் 10த் அனுப்பு' என்றால் 10ஆம் தேதி வரை அனுப்பிக் கொண்டே இரு என்றாகி விடும்.

3. 'பிஃபோர் 10த் ஜூன்': 10ஆம் தேதிக்கு முன். 9ஆம் தேதியோடு முடிந்தது. 10ஆம் தேதியும் சேர வேண்டுமானால் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுத வேண்டும்.

4. 'வித்தின் 30 டேஸ் ஃப்ரம்': இன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள். இதில் முதல் நாளைச் சேர்ப்பதா, விடுவதா?

இந்தக் கேள்விக்குச் சட்டமே விடை சொல்லியிருக்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 9ஆம் பிரிவு. ஒரு சட்டத்தில் 'ஃப்ரம்' என்று போட்டால் முதல் நாளை விட்டு விட வேண்டும், 'டு' என்று போட்டால் கடைசி நாளைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டு சின்னச் சொற்களுக்குச் சட்டத்தில் இந்தப் பொருள் இருந்து வருகிறது.

'ஆஃப்' கிளப்பிய வழக்கு

இனிக் காசோலைக்கு வருவோம். செக் திரும்பி வந்தால் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி வழக்குப் போடலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாங்கிலிருந்து தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

இந்தக் கெடுக்களைச் சொல்லும் இடங்களில் சட்டம் 'ஃப்ரம்' என்று எழுதாமல் 'ஆஃப்' என்று எழுதியிருக்கிறது. செக்கை பாங்கில் போடும் கெடுவைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'ஃப்ரம்' இருக்கிறது. ஒரே பிரிவில் இரண்டு சொற்கள். அப்படியானால் பொருளும் வேறா? 'ஃப்ரம்' என்றால் முதல் நாள் கழியும் என்பது தெரியும். 'ஆஃப்' என்றால் முதல் நாளும் சேருமா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1999இல் சாகேத் இந்தியா வழக்கில் நோட்டீஸ் கிடைத்தது 1995 செப்டம்பர் 29. அந்த நாளை விட்டு 15 நாள் எண்ணினால் அக்டோபர் 14இல் கெடு முடிகிறது. காரணம் பிறந்தது அக்டோபர் 15. புகார் கொடுத்தது நவம்பர் 15. காரணம் பிறந்த நாளை விட்டு எண்ணினால் புகார் சரியான நாளில் வந்திருக்கிறது. சேர்த்து எண்ணினால் ஒரு நாள் தாமதம், வழக்கே போய்விடும். முதல் நாளை விட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே 1999இல் எஸ்.ஐ.எல். இம்போர்ட் வழக்கில் வேறு விதமாக முடிவாயிற்று. கீழ்க் கோர்ட்டுகள் எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் நீடித்தது. கடைசியில் 2013 ஆகஸ்டில் எகான் அந்திரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, சாகேத் தீர்ப்பே சரி, இங்கே 'ஆஃப்' என்பதற்கும் 'ஃப்ரம்' என்பதற்கும் வேறு வேறு பொருள் கொள்ள வேண்டாம், முதல் நாளை விட்டே எண்ண வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இரண்டெழுத்துச் சொல் ஒன்றின் பொருள் தீர 14 வருஷம் ஆயிற்று.

நம் கணக்குக்கு ஓர் உதாரணம். பாங்கு மெமோ நம் கைக்கு வந்தது மார்ச் 3 என்றால் மார்ச் 4 முதல் நாள். 30ஆம் நாள் ஏப்ரல் 2. நோட்டீஸ் அவருக்குக் கிடைத்தது ஏப்ரல் 5 என்றால் 15ஆம் நாள் ஏப்ரல் 20. காரணம் பிறப்பது ஏப்ரல் 21. புகார் கொடுக்கக் கடைசி நாள் மே 21. கணக்குத் தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் கடைசி நாள் வரை காத்திருப்பது நல்லதல்ல. மெமோ கிடைத்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்து விட வேண்டும். இன்னொன்று: 2012 ஏப்ரல் 1 முதல் செக் செல்லுபடியாகும் காலம் மூன்று மாதம்தான். பழைய ஆறு மாத நினைப்பில் பெட்டியில் போட்டு வைத்திருக்க வேண்டாம்.

25 கிலோவும் 26 கிலோவும்

2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. கொண்டுவரப்பட்டபோது, 25 கிலோ வரை உள்ள சிப்பத்துக்குத்தான் வரி என்றார்கள். 'அப் டு 25' என்றால் 25ஆவது கிலோவும் உள்ளே. வரிக்கு அடிப்படையான எடையளவு விதியிலும் விலக்கு 'மோர் தேன் 25 கிலோ', அதாவது 25க்கு மேற்பட்டதற்குத்தான். சரியாக 25 கிலோ உள்ள மூட்டை 'மோர் தேன்' ஆகாது. ஆகவே 25 கிலோ மூட்டைக்கு வரி உண்டு, 26 கிலோ மூட்டைக்கு இல்லை. கடைகளில் திடீரென்று 26 கிலோ அரிசி மூட்டை வந்தது ஏன் என்று வாடிக்கையாளர் கேட்டபோது நம்மில் பலர் விழித்தோம். அரிசி ஆலைக்காரர்கள் 'அப் டு' என்பதன் பொருளைச் சரியாகப் படித்திருந்தார்கள்.

'அபோவ்', 'பிலோ', 'நாட் லெஸ் தேன்', 'நாட் மோர் தேன்' ஆகியவற்றையும் இப்படியே எல்லை எண் உள்ளேயா வெளியேயா என்று பார்த்துப் படிக்க வேண்டும். 'அபோவ் 100 பேக்ஸ்' என்றால் 100 சேராது. 'நாட் லெஸ் தேன் 100' என்றால் 100 சேரும்.

சரக்கு யார் பொறுப்பு?

'எக்ஸ் கோடவுன் விருதுநகர்' என்று விலை சொன்னால் கிட்டங்கியிலிருந்து வெளியே எடுக்கும் விலை. லாரி வாடகை நம்முடையது. வழியில் மழையில் நனைந்தால் அந்த நட்டமும் பெரும்பாலும் நம்முடையதே. ஏனென்றால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாதபோது, நமக்கு அனுப்புவதற்காக லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே நம்மிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். 'எஃப்.ஓ.ஆர். நாகர்கோவில்' என்றால் நாகர்கோவில் வரை வாடகை விற்பவர் பொறுப்பு.

இதில் ஊர்ப் பெயர்தான் உயிர். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது 1979இல், திருநெல்வேலியிலிருந்து 1981இல். அதற்கு முன் எங்கள் தகப்பனார் காலத்தில் 'எஃப்.ஓ.ஆர். திருநெல்வேலி' என்றுதான் விலை வரும். திருநெல்வேலியில் இறக்கி ஆரல்வாய்மொழி வழியாகக் கோட்டாறு கொண்டு வரும் செலவைத் தனியே கூட்ட வேண்டும். கூட்ட மறந்தவர் விற்ற பிறகுதான் நட்டத்தை அறிவார். கடல் வாணிபத்திலும் 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி', 'சி.ஐ.எஃப். கொழும்பு' என்று ஊர்ப் பெயரோடுதான் வரும். இவற்றின் பொருளை சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் விதிகளாக வெளியிட்டு வருகிறது. ரப்பர் வியாபாரிகள் பத்திரிகையில் பார்க்கும் கோட்டயம் விலையும் அப்படியே. அது 'அட் கோட்டயம்', மார்த்தாண்டத்தில் கைக்கு வரும் விலை அல்ல.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு 'பில் டு', 'ஷிப் டு' என்ற இரண்டு கட்டங்கள் வந்திருக்கின்றன. பில் யார் பெயருக்கு என்பது முன்னது, சரக்கு எங்கே போகிறது என்பது பின்னது. விருதுநகரில் நாம் வாங்கி, நேராகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்திலுள்ள நம் வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொன்னால் 'பில் டு' நாம், 'ஷிப் டு' அவர். விருதுநகர்க்காரர் நமக்குப் போடும் பில் தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை. நாம் அவருக்குப் போடும் பில்தான் மாநிலம் தாண்டிய விற்பனை. இரண்டு கட்டத்தையும் மாற்றிப் போட்டால் வரியும் மாறும், உள்ளீட்டு வரி வரவும் தகராறாகும், நாம் யாரிடம் வாங்குகிறோம் என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரிந்து போகும்.

'ஒன்லி' எங்கே நிற்கிறது?

வினையடைகளில் நமக்கு மிகவும் பழக்கமானது 'ஒன்லி'. செக்கில் 'ருப்பீஸ் டுவென்டி தவுசண்ட் ஒன்லி' என்று எழுதுகிறோம். பின்னால் யாரும் வேறு தொகையைச் சேர்க்காமல் வேலி போடுவதற்காக அது. மற்ற இடங்களில் 'ஒன்லி' எந்தச் சொல்லை ஒட்டி நிற்கிறதோ அதையே கட்டுப்படுத்தும். 'ஒன்லி வி சப்ளை ரைஸ் டு ரீடெய்லர்ஸ்': நாங்கள் மட்டும்தான் கொடுக்கிறோம். 'வி சப்ளை ஒன்லி ரைஸ் டு ரீடெய்லர்ஸ்': அரிசி மட்டும்தான். 'வி சப்ளை ரைஸ் ஒன்லி டு ரீடெய்லர்ஸ்': சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும்தான். தமிழில் 'மட்டும்' எந்தச் சொல்லுக்குப் பின் வர வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அதே கவனம் வேண்டும். 'அபவுட் 100 பேக்ஸ்' என்று ஆர்டர் எழுதி விட்டு 94 மூட்டை வந்தால் சண்டை போட முடியாது. 100 வேண்டுமானால் 'எக்ஸாக்ட்லி' அல்லது வெறும் 100 என்று எழுத வேண்டும்.

ரசீதும் கையெழுத்தும்

பாக்கிக்காரர் கொஞ்சம் பணம் கொடுக்கும்போது ரசீதில் 'ஆன் அக்கவுண்ட்' என்று எழுதினால் கணக்கில் வரவு, பாக்கி நிற்கிறது. 'இன் ஃபுல் செட்டில்மென்ட்' என்று எழுதினால் கணக்கு முடிந்தது. அவசரத்தில் அவர் எழுதிக் கொண்டு வந்த ரசீதில் அப்படியே கையெழுத்துப் போடக் கூடாது.

கூட்டு வியாபாரத்தில் செக்கிலோ கடன் பத்திரத்திலோ கையெழுத்திடும்போது 'ஃபார்' என்று போட்டு நிறுவனத்தின் பெயரை எழுதி, அதன் கீழ் கையெழுத்திட வேண்டும். வெறும் கையெழுத்து இருந்தால் போட்டவரின் சொந்தப் பொறுப்பு என்று எதிராளி வாதாட இடம் உண்டு. பழைய ஆங்கிலப் பேரேடுகளில் பற்றுப் பக்கத்தில் 'டு' என்றும் வரவுப் பக்கத்தில் 'பை' என்றும் ஒவ்வொரு வரியும் தொடங்கும். கணக்கின் இரண்டு பக்கங்களையும் தாங்கி நின்றவை இந்தச் சின்னச் சொற்களே.

பயிற்சி

கீழே உள்ளவற்றைத் திருத்துக. பிள்ளைகளையும் கடைப் பையன்களையும் செய்யச் சொல்லலாம்.

1. ஜூன் 10ஆம் தேதிக்குள் பணம் தருவோம் என்பதற்கு 'வி வில் பே டில் 10த் ஜூன்' என்று எழுதியுள்ளார்.
2. தேங்காய் எண்ணெய் நிறைந்த 20 டின் வேண்டும். 'சென்ட் 20 ஆயில் டின்ஸ்' என்று எழுதியுள்ளார்.
3. மூட்டைக்கு 40 ரூபாயாக இருந்த வாடகை 45 ஆயிற்று. 'ரெய்ஸ்டு டு 5 ருப்பீஸ்' என்று எழுதியுள்ளார்.
4. பாக்கி 50,000. வந்தது 20,000. ரசீதில் 'இன் ஃபுல் செட்டில்மென்ட்' என்று எழுதியுள்ளார்.
5. பாங்கு மெமோ ஆகஸ்ட் 7இல் கிடைத்தது. நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் எது?

விடைகள்: 1. 'பை 10த் ஜூன்'. 2. '20 டின்ஸ் ஆஃப் கோகனட் ஆயில்'. 3. 'ரெய்ஸ்டு பை 5' அல்லது 'ரெய்ஸ்டு டு 45'. 4. 'ஆன் அக்கவுண்ட்'. 5. செப்டம்பர் 6.

அந்தத் தந்தி வந்த அன்று தொடங்கிய வழக்கம் ஒன்று எங்கள் கடையில் இன்றும் இருக்கிறது. விலையோ தள்ளுபடியோ மாறியது என்று செய்தி வந்தால், 'எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆயிற்று' என்று பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதி வாங்காமல் ஆர்டர் போடுவதில்லை. கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்காமல் இருந்ததற்குத்தான் நாங்கள் 1,600 ரூபாய் கொடுத்தோம். அங்கத்தினர்கள் தங்கள் கடைக் கடிதங்களில் கண்ட இத்தகைய சொற்களை எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.